இருபத்தோராம் வசனத்திலிருந்து

பெண்களின் மாண்பு பற்றி நம்மவர் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் இரு காலங்களில் மலர்வன. ஒன்று மார்ச் 8ஆம் திகதியை ஒட்டி. மற்றது, கத்தோலிக்கரின் பக்கங்களில், மாதாவின் ஆவணித் திருவிழாவை ஒட்டி. முன்னையதில் பெண் போராடுகிறாள். பின்னையதில் அவள் பொறுமை காக்கிறாள். இடைப்பட்ட மாதங்களில் அவள் வேலைக்குப் போகிறாள், சமைக்கிறாள், ஊரிலுள்ள தம்பியின் வீட்டுக்கு ஓடு போடக் காசு அனுப்புகிறாள். அதைப் பற்றி எழுத முன்வருவோர் குறைவு. அந்தக் குறையை நிரப்பிவிடுவோம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை பெண்ணைப் பற்றி உண்மையில் என்ன போதிக்கிறது என்பதைப் பிறர் வாயால் கேளாமல் நாங்களே வாசித்துப் பார்த்தோம். அந்த வாசிப்பில் கண்டவற்றையும் அதனால் விளைந்தவற்றையும் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகின்றோம். சைவ வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஆண்டுதோறும் ஆவணியில் கேவெலார் மாதாவிடம் எங்களுக்குக் குறையாமல் வந்து மெழுகுதிரி ஏற்றுகிறவர்கள் நீங்கள்தானே!

நாங்கள் என்று இங்கே குறிப்பிடுவது ஜேர்மனியின் றூர் பகுதியிலுள்ள ஒரு நகரத்தில், சனிக்கிழமை மாலைகளில், பங்குக் கோவிலின் நிலவறை மண்டபத்தில் கூடிச் செபமாலை சொல்லும் பதினொரு பெண்களை. எங்களில் மூவர் 1990க்கு முன்னரே வந்து சேர்ந்தவர்கள். ஒருவர் நான்கு ஆண்டுகளுக்கு முன்னர்தான் மணமாகி வந்தார். ஹொட்டேலில் அறை துப்புரவாக்குவோர், முதியோர் இல்லத்தில் பணிபுரிவோர், பாலர் பாடசாலையில் சமையல் உதவி செய்வோர் உள்ளோம். யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பாடசாலையில் பல்லாண்டுகள் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவரும் உள்ளார். அவரை வயது வேறுபாடின்றி எல்லாரும் ‘ரீச்சர்’ என்றே அழைப்போம். கத்தோலிக்கரை மணந்த சைவச் சகோதரி ஒருவரும் வருவார். செபமாலை முடிந்ததும் தேநீரும் றோல்சும் உண்டு. சிலர் றோல்சுக்காகவே வருவதாக ஒரு குற்றச்சாட்டு நிலவுகிறது. அதனை நாங்கள் மறுப்பதற்கில்லை.

கடந்த தவக்காலத்தில் ஏதேனும் ஒன்றைத் தொடர்ந்து வாசிப்போம் என்று தீர்மானித்தபோது, ரீச்சர் முன்வைத்தது பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், அதாவது யோன் போல், 1988ஆம் ஆண்டு ஆவணி 15இல், மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, பெண்ணின் மாண்பும் அழைத்தலும் என்ற பொருளில் வெளியிட்ட திருமுகத்தை. ஒன்பது அதிகாரங்கள் கொண்டது. பாப்பரசர் ஒருவர் பெண்களை மட்டுமே பொருளாகக் கொண்டு இவ்வளவு விரிவாக எழுதிய முதற் கடிதங்களில் ஒன்று. அந்த நாளை எங்களிற் சிலர் வேறு காரணங்களுக்காக நினைவில் வைத்திருந்தனர். இந்திய அமைதிப்படை எம் மண்ணில் நின்ற காலம் அது. அன்று ஒரு பெண்ணின் மாண்பு என்பது சோதனைச் சாவடியில் அவளை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பொறுத்திருந்தது. உரோமையில் கையெழுத்தான கடிதம் எங்கள் கைக்கு வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தமிழ்ப் பிரதி எம் கைக்கு அகப்படவில்லை. ஆகவே ஜேர்மன் மொழிப் பிரதியை எடுத்து, எங்கள் பிள்ளைகளுள் இருவரை வாசிக்கச் செய்து, அவர்கள் தமிழில் சொல்ல, ரீச்சர் திருத்த, நாங்கள் கேட்டுக்கொண்டோம். மகள் வாசிக்கத் தாய் கேட்பது என்பதே புலம்பெயர்ந்த வாழ்வின் தலைகீழ் ஒழுங்குகளில் ஒன்று. அலுவலகக் கடிதம், வைத்தியரின் கடிதம் என்று ஏழு வயதிலிருந்தே எமக்காக வாசித்துப் பழகிய பிள்ளைகள், இம்முறை பாப்பரசரின் கடிதத்தையும் வாசித்தார்கள். தலைப்பிலேயே தடுக்கியது. ‘வூர்டே’ என்ற சொல்லுக்கு மூத்தவள் முதலில் ‘மரியாதை’ என்றாள். “மரியாதை மற்றவர் தருவது, பிள்ளை. தராமலும் விடலாம். இது தரவும் முடியாது, பறிக்கவும் முடியாது. மாண்பு என்று சொல்லு” என்றார் ரீச்சர். அடுத்த சொல் இன்னும் சிக்கலாயிற்று. ஜேர்மன் மொழியில் தொழிலுக்கு ‘பெறூவ்’ என்றும் அழைத்தலுக்கு ‘பெறூஃபுங்’ என்றும் சொல்வர். ஒரு வாலின் வித்தியாசந்தான். பிள்ளை அதனைப் ‘பெண்ணின் தொழில்’ என்று மொழிபெயர்க்க, முதியோர் இல்லத்தில் இரவுவேலை முடித்து வந்திருந்த சகோதரி, “அதைத்தான் இப்ப முடிச்சுப்போட்டு வந்தனான்” என்றார். சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று.

ஆனால் அந்தச் சொல்லிலே ஒரு பெரிய விடயம் அடங்கியிருந்தது. எங்கள் ஊர்களில் ‘தேவ அழைத்தல்’ என்றால் ஒரே கருத்துத்தான். ஒரு பெண்பிள்ளைக்கு அழைத்தல் கிடைத்திருக்கிறது என்றால் அவள் மடத்துக்குப் போகப்போகிறாள் என்று பொருள். 1862இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த திருக்குடும்பக் கன்னியர்களிடம் பாட்டி, தாய், மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கல்விகற்ற குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அவர்களைக் கண்டு வளர்ந்ததால், அழைத்தல் என்பது வெள்ளை உடுப்போடு வருவது என்று எண்ணிவிட்டோம். மணமுடித்தவளுக்கு அழைத்தல் இல்லை, கடமை மட்டுமே உண்டு என்ற எண்ணம் யாரும் படிப்பிக்காமலே எம்முள் ஊறியிருந்தது. இக்கடிதமோ தாய்மை, கன்னிமை இரண்டையும் பெண்ணின் அழைத்தலின் இரு பரிமாணங்களாகக் கொண்டு, ஒன்றை மற்றது விளக்குகிறது என்கிறது. பிள்ளை பெறாதவளும், மணமாகாதவளும், பிறருக்காகத் தன் உள்ளத்தைத் திறக்கும்போது ஆன்மீகத் தாய்மையில் பங்குகொள்கிறாள் என்று விரிவாக எழுதுகிறது. எங்களுள் நாற்பத்தெட்டு வயதாகியும் மணமாகாத ஒருவர் உண்டு. இரு தங்கைமாருக்கும் சீதனம் கட்டி அனுப்பியவர். அந்தப் பகுதியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள் பிள்ளை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கடிதம் ஆதியாகமத்திலிருந்து தொடங்குகிறது. ஆணும் பெண்ணும் இருவரும் கடவுளின் சாயல். ஒருவர் மூலப்பிரதி, மற்றவர் நகல் என்பதல்ல. பெண் ஆணுக்குத் துணையாகப் படைக்கப்பட்டாள் என்ற வசனத்தைப் பலகாலம் வீட்டுவேலைக்கு ஆள் கிடைத்த கதையாகவே கேட்டுவந்திருக்கிறோம். பாப்பரசர் அதனை ஒருவருக்கொருவர் துணை என்றே விளக்குகிறார். அதற்கும் மேலாக, மூன்றாம் அதிகாரத்தில் ஏவாளிடம், கணவன் உன்னை ஆள்வான் என்று கடவுள் கூறும் இடத்தை அவர் எடுத்துக்கொள்ளும் விதம் எங்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அது படைப்பின் ஒழுங்கல்ல, பாவத்தின் விளைவு. ஆதியில் இருந்த சமத்துவம் குலைந்துபோனதன் அடையாளம் என்கிறார். சைவச் சகோதரி கேட்டார்: “அப்ப இவ்வளவு நாளும் கடவுளின்ர சட்டம் எண்டு சொன்னது, காய்ச்சலை ஆரோக்கியம் எண்டு சொன்ன மாதிரியோ?” ரீச்சர் அந்த உவமையைத் தம் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

திருச்சபை எக்காலமும் இப்படித்தான் பேசியது என்று சொன்னால் அது உண்மையாகாது. 1891இல் தொழிலாளர் நிலைபற்றி எழுதிய பதின்மூன்றாம் சிங்கராயர், பெண் இயல்பாகவே வீட்டு வேலைக்கு ஏற்றவள் என்றார். 1930இல் திருமணம் பற்றி எழுதிய பதினோராம் பத்திநாதர், கணவனைத் தலையாகவும் மனைவியை இதயமாகவும் வைத்து, மனைவியின் கீழ்ப்படிதலை வலியுறுத்தினார். நியாயமற்ற விருப்பங்களுக்கு அவள் இணங்கவேண்டியதில்லை என்று ஓர் எல்லையும் போட்டார். 1963இல் இருபத்துமூன்றாம் அருளப்பர், பெண்கள் தம் மாண்பை உணர்ந்து உரிமை கோருவதைக் காலத்தின் நல்ல அடையாளங்களுள் ஒன்றாகக் கண்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திலே 1964 முதல் 23 பெண்கள் பார்வையாளராக அமர்ந்தனர், வாக்குரிமை இல்லை. 1965இல் அச்சங்கம் பால் வேறுபாட்டால் வரும் பாகுபாட்டைக் கடவுளின் திட்டத்துக்கு மாறானது என்று கண்டித்தது. இவ்வளவு தூரம் நடந்துதான் 1988க்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1995இல், பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்னர், அதே பாப்பரசர் உலகப் பெண்களுக்கு இன்னொரு கடிதம் எழுதினார். பெண்கள் ஒதுக்கப்பட்டதில் திருச்சபையின் பிள்ளைகளுக்கும் பங்கிருந்தால் அதற்காக வருந்துவதாக அதிலே கூறினார். பெரியோர் வருத்தம் தெரிவிப்பது எமது சமூகத்தில் அபூர்வம் என்பதால் அந்த இடத்தையும் இருமுறை வாசித்தோம்.

இனி, எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகின்றோம். எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை அறியாத கத்தோலிக்கத் தம்பதியர் இருக்கமாட்டார்கள். திருமணப் பூசைகளிலே வாசிக்கப்படுவது. மனைவியர் கணவருக்குப் பணிந்திருக்க வேண்டும் என்ற 22ஆம் வசனத்தைப் பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு, அதுவே அந்த அதிகாரத்தின் தொடக்கம் என்று பலர் நினைத்திருக்கின்றனர். எமது குழுவுக்கு வந்து போய்க்கொண்டிருந்த ஓர் இளம் சகோதரி அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார். அவருடைய ஊரையும் பிற விபரங்களையும் இங்கே எழுதமாட்டோம். அவர் சம்மதித்த அளவே எழுதுகின்றோம். கோடையிலும் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி வருவார். கணவர் கை நீட்டுகிறார் என்பதை எவரும் கேட்காமலே அறிந்தோம். சமூகத்தில் மதிப்புள்ள பெரியவர் ஒருவரிடம் அவர் முறையிட்டபோது, அந்தப் பெரியவர் இந்த வசனத்தையே சொல்லி, இது உனக்குக் கடவுள் தந்த சிலுவை, சுமந்துகொள் என்று அனுப்பியிருக்கிறார்.

நாங்கள் கடிதத்தின் ஏழாம் அதிகாரத்துக்கு வந்த சனிக்கிழமை அந்தச் சகோதரியும் இருந்தார். அன்று எங்கள் பங்கில் மேய்ப்புப் பணியாளராக உள்ள ஜேர்மானியப் பெண்மணியையும் அழைத்திருந்தோம். இறையியல் படித்துப் பட்டம் பெற்றவர்; ஞானஸ்நான வகுப்பு, மரண வீட்டுச் செபம் என்று பங்கின் பாதி வேலையை அவரே பார்க்கிறார். “22இல் தொடங்காதீர்கள், 21இலிருந்து வாசியுங்கள்” என்றார் அவர். வாசித்தோம். கிறிஸ்துவுக்கு அஞ்சி ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்ற பொருளில் அமைந்த வசனம் அது. ஒருவருக்கொருவர்! பின்னர் அவர் சொன்ன செய்தி எங்களுக்கு முற்றிலும் புதியது. கிரேக்க மூலத்தின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் 22ஆம் வசனத்தில் வினைச்சொல்லே கிடையாதாம். பணிதல் என்ற வினை 21ஆம் வசனத்தில்தான் இருக்கிறது. அடுத்த வசனம் அதனைக் கடன் வாங்கியே நிற்கிறது. ஆகவே 22ஐத் தனியே பிரித்து எடுத்தால் அது பாதி வசனம். தமிழ் ரீச்சருக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தி வேறு இல்லை. எழுவாய் பயனிலை இன்றி வசனம் சொல்கிறவர்களை நாற்பது வருடம் திருத்தியவர் அவர்.

பாப்பரசரின் கடிதமும் இதனையே பற்றிக்கொள்கிறது. கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவில் திருச்சபை மட்டுமே பணிகிறது; ஆனால் கணவன் மனைவி உறவில் பணிவு ஒருபக்கமாக இருக்கமுடியாது, இருபக்கமும் உரியது என்று வெளிப்படையாக எழுதுகிறார். பழைய காலத்து வழக்கங்களின் சாயல் அந்தத் திருமுகத்தில் இருப்பதையும், நற்செய்தி கொண்டுவந்த புதுமை இந்தப் பரஸ்பரப் பணிவே என்பதையும், அது மனங்களில் மெல்ல மெல்லவே வேரூன்ற வேண்டியிருந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அன்று அந்தச் சகோதரி பேசியது ஒரே ஒரு வாக்கியம். “அப்ப எனக்குச் சொன்னவைக்கு முதல் வசனம் தெரியாதோ?” என்று கேட்டார்.

தெரிந்திருக்கலாம், தெரியாதிருக்கலாம். எங்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை. சிலுவை என்ற சொல்லை அடிக்கிறவனுக்குச் சாதகமாகப் பயன்படுத்தியதே எங்களைக் கோபமூட்டியது. சிலுவையை மனமுவந்து ஏற்றவர் ஒருவர். அதைச் செய்து கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பிரசங்கம் செய்வது எந்த வேதத்திலும் இல்லை. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் சட்டம், ஒருவர் தம் துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலாலோ ஆன்மாவாலோ பெரும் ஆபத்தை விளைவித்தால், மற்றவர் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது. ஆயரின் தீர்ப்புப் பெறுவதே முறை. தாமதித்தால் ஆபத்து என்னும் நிலையில் தம் சொந்த முடிவாகவே வெளியேறலாம் என்றும் அச்சட்டம் இடமளிக்கிறது. 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் குடும்பம் பற்றி எழுதியபோது, வன்முறைக்கு ஆளாகும் துணையையும் பிள்ளைகளையும் காப்பாற்றுவதற்காகப் பிரிவது சில வேளைகளில் ஒழுக்கக் கடமையாகவே ஆகிவிடும் என்றார். இதை எங்களிற் பலர் அன்றுதான் முதன்முறையாக அறிந்தோம். பிரிந்து வாழ்வதும் மறுமணமும் திருச்சபையில் வேறு வேறு விடயங்கள். பிரிந்தவர் நற்கருணை வாங்கக்கூடாது என்று ஊரில் சொல்லித்திரிவது பிழையான கதை.

அச்சகோதரியின் மனத்தில் இன்னொரு பயமும் இருந்தது. கணவனை விட்டால் விசா போய்விடும் என்பது. நம்மவர் வீடுகளில் இந்தப் பயத்தைக் காட்டி எத்தனை பெண்களை மௌனமாக்கியிருக்கிறார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். ஜேர்மனியில், குடும்ப இணைவில் வந்த மனைவி மூன்று ஆண்டுகள் இல்வாழ்வு நடத்தியிருந்தால் தனக்கெனத் தனியான வதிவிட உரிமை கோரலாம். வீட்டு வன்முறை போன்ற கடுந்துயர நிலைகளில் அந்த மூன்று ஆண்டுகளுக்கு முன்னரும் விதிவிலக்கு உண்டு. 2002இல் நடைமுறைக்கு வந்த வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீதிமன்றம் வீட்டை அடிபட்டவருக்கு ஒதுக்கி, அடித்தவரை வெளியேறச் சொல்ல முடியும். 116 016 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, பெயர் சொல்லாமலே, பல மொழிகளில் கதைக்கலாம். பிற நாடுகளிலுள்ள வாசகர்கள் தத்தம் நாட்டு விதிகளை விசாரித்து அறிக. எங்களில் இருவர் அவரோடு ஆலோசனை நிலையத்துக்குப் போனார்கள். இன்று அவர் வேறொரு நகரத்தில், பிள்ளையோடு, தன் பெயரில் எடுத்த வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுப் பூசைக்கும் போகிறார். அவருடைய கணவருக்காகவும் செபமாலையில் ஒரு மணி சொல்லப்படுகிறது. இதில் எங்களிடையே முழு உடன்பாடு இல்லை. சிலர் அந்த மணியில் வாயை மூடிக்கொள்வர்.

சீதனம் பற்றிய விவாதம் இரு சனிக்கிழமைகளைத் தின்றது. கோவிலில் ஓலை கூறுவதற்கு முன்னரே சீதன உறுதி எழுதி முடிந்துவிடும் நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்துச் சீதனம் அடிப்படையில் பெண்ணுக்குரிய சொத்து, தாய்வழியாக மகளுக்கு வருவது என்று பெருமை பேசுவோர் உண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையில் அதற்கு ஆதாரமும் உண்டு. ஆனால் காணியும் வீடும் அவள் பெயரில் இருந்தாலும், கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றி அவள் அதனை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாதென்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. பெயர் அவளது, பேனா அவனது. அதற்குமேல் மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கமாகக் கொடுக்கப்படும் பணத்துக்கு ‘நன்கொடை’ என்றும் ‘டொனேசன்’ என்றும் பெயர். இந்தச் சொல்லைத்தான் எங்களால் சீரணிக்க முடியவில்லை. பாப்பரசரின் கடிதத்தில் திரும்பத் திரும்ப வரும் கருத்து ஒன்று உண்டு: மனிதன் தன்னையே உண்மையாகக் கொடையாக அளிப்பதன் மூலமே தன்னை முழுமையாகக் கண்டடைகிறான். ஆண் தன்னைக் கொடுக்கிறான், பெண் தன்னைக் கொடுக்கிறாள், அதுவே திருமணம். இரு மனங்களின் சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது என்று திருச்சபைச் சட்டமும் 1057ஆம் இலக்கத்தில் சொல்கிறது. அந்த இரு கொடைகளுக்கு நடுவில் இந்த நன்கொடை எங்கிருந்து வந்தது? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் இலட்சக் கணக்கு யூரோவாக மாறிப் பேசப்படுகிறது. எங்களுள் ஆண்பிள்ளைகளைப் பெற்ற ஆறு பேர் இருக்கிறோம். வாங்குவதில்லை என்று ஆறு பேரும் ஒருவர்முன் ஒருவர் சொல்லியிருக்கிறோம். எழுதிக் கையெழுத்து வைக்கலாமா என்று ரீச்சர் கேட்டார். ஐவர் வைத்தனர். ஆறாமவர் தம் மாமியாரைக் கேட்டுச் சொல்வதாக இருக்கிறார்.

கைம்பெண்கள் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை; போர் எம்மிடையே எத்தனை பேரை அந்த நிலைக்கு ஆளாக்கியது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டுமா? வேதாகமத்திலே ஆலயத்தில் குழந்தை இயேசுவை அடையாளம் கண்டு ஊருக்கெல்லாம் அறிவித்த அன்னா ஒரு கைம்பெண். இரு செப்புக்காசு போட்டுப் பாராட்டுப் பெற்றவளும் அவ்வாறே. அப்படியிருக்க, கத்தோலிக்கத் திருமண வீட்டிலும் தாலி தொட்டு வணங்கும் தட்டு ஒரு கைம்பெண்ணைத் தாண்டிப் போவதை நாங்கள் கண்டிருக்கிறோம். சென்ற வைகாசியில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவரின் மகளுக்குத் திருமணம் நடந்தது. முல்லைத்தீவில் 2009இல் கணவனை இழந்தவர் அவர். பெரியப்பாவின் கையைப் பிடித்து வரச் சொன்னவர்களிடம் மணமகள், “அம்மாதான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவ, பீடம் வரைக்கும் அவவே கொண்டுபோகட்டும்” என்றாள். அப்படியே நடந்தது. முன்வாங்கில் இருந்த ஒரு மாமி முணுமுணுத்தார். பூசை முடிந்து அவரே முதல் ஆளாக வந்து அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவரும் கைம்பெண் என்பது எங்களிற் பலருக்கு அதன்பின்தான் உறைத்தது.

கடிதத்தில் எங்களுக்கு உடன்பாடில்லாதவை, அல்லது முழுதாக விளங்காதவை, இல்லையென்று சொல்லமாட்டோம். மனிதரைக் கடவுள் தனிச்சிறப்பான முறையில் பெண்ணிடம் ஒப்படைக்கிறார் என்று முடிவுப் பகுதியில் ஓர் அழகான கருத்து வருகிறது. காலை நாலு மணிக்கு முதல் ட்றாமில் துப்புரவு வேலைக்குப் போகும் சகோதரி கேட்டார்: “ஒப்படைக்கேக்க நித்திரை கொண்டியோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லையே?” 1995ஆம் ஆண்டுக் கடிதத்தில் பாப்பரசர் தாய்மாருக்கும் வேலைசெய்யும் பெண்களுக்கும் ஒவ்வொருவராக நன்றி கூறுவதும் அப்படித்தான். நன்றி நல்லது, கழுவுதொட்டியில் கிடக்கும் பாத்திரங்களுக்கு ஆள் வேறு வேண்டும். மற்றப்படி, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை எல்லாரும் சூழ்ந்து நிற்கையில் அந்த ஆண் எங்கே என்று அவர் கேட்குமிடம், ஒரு காதல் விவகாரம் வெளிவந்தால் பெண்பிள்ளையின் பெயர் மட்டும் கனடாவரை போய்ச்சேரும் நம் சமூகத்துக்கென்றே எழுதியதுபோல் இருந்தது.

குருத்துவம் பற்றிய பகுதியில் பிள்ளைகளின் முகம் மாறிற்று. இயேசு பன்னிரு ஆண்களையே அப்போஸ்தலராகத் தெரிந்ததைக் காரணங்காட்டி, குருப்பட்டம் ஆண்களுக்கே உரியது என்று 1988ஆம் ஆண்டுக் கடிதம் கூறுகிறது. 1994 வைகாசியில் அதே பாப்பரசர், பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று தனிக் கடிதமாக எழுதினார். அதே 1994இல்தான் பெண்பிள்ளைகள் பீடத்தில் பூசை உதவி செய்ய உரோமை இசைவு தந்தது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகள் இருவரும் அவ்வாறு பீடத்தில் நின்றவர்களே. அதன்பின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சற்றுத் திறந்தன. உயிர்த்த இயேசுவை முதலிற் கண்டு சீடர்களுக்குச் சொல்லப்போன மகதலேனா மரியாளின் நினைவுநாளை 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ், அப்போஸ்தலர்களுக்கு உள்ளதுபோன்ற விழாவாக உயர்த்தினார். 2021இல் வாசகர், பீடத்துணைவர் என்ற பணிகள் பெண்களுக்கும் முறைப்படி திறக்கப்பட்டன. 2023இல் உரோமையில் நடந்த ஆயர் மன்றத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். 2025 தையில் சிமோனா பிரம்பில்லா என்ற அருட்சகோதரி வத்திக்கானின் பேராயம் ஒன்றுக்குத் தலைவரானார். அதற்குமுன் எந்தப் பெண்ணும் அமராத கதிரை. அதே ஆண்டு பிரான்சிஸ் காலமாகி, பதினான்காம் லியோ வந்திருக்கிறார். எங்கள் பாட்டிமார் இருந்திருந்தால் அவரைச் சிங்கராயர் என்றே அழைத்திருப்பர்.

இவ்வளவையும் ரீச்சர் எடுத்துச் சொன்னபின், இளையவள், பதினைந்து வயது, “அப்ப மகதலேனா உயிர்த்தெழுந்தவரைப் பற்றிப் பன்னிரண்டு பேருக்கும் பிரசங்கம் செய்யலாம், எங்கட கோவிலில் செய்ய ஏலாதோ?” என்று கேட்டாள். ரீச்சர் மறுமொழி சொல்ல முயன்றார்: திருச்சபையில் குருத்துவம் ஒரு பதவியல்ல, அது ஒரு பணி, விண்ணரசில் பெரியோர் குருக்களல்ல, புனிதர்களே. இதுவும் திருச்சபையின் போதனையே. பிள்ளை தலையாட்டினாள், ஆனால் சமாதானமடையவில்லை. எங்களில் நால்வர் ரீச்சரின் பக்கம், மூவர் பிள்ளையின் பக்கம், மற்றவர்கள் தேநீர் வைக்கப் போனார்கள். அவள் கோபித்துக்கொண்டு வராமல் விட்டுவிடுவாளோ என்று தாய் பயந்தார். மறு சனிக்கிழமை அவளே முதலில் வந்து கதிரைகளை வட்டமாக வைத்திருந்தாள். ஜேர்மன் வேதாகமத்தில் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து வைத்திருந்தாள். கெங்கிரேயாச் சபையின் பணியாளரான பெபேயாள் என்ற பெண்ணைப் பவுல் அறிமுகம் செய்துவைக்கும் இடம் அது. இந்தப் பெண் யார், என்ன பணி செய்தாள் என்று தனக்குச் சொல்லவேண்டும் என்றாள். அந்தத் திருமுகத்தை உரோமைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவளாகவே இருக்கவேண்டும் என்று பல அறிஞர்கள் கருதுவதை மேய்ப்புப் பணியாளர் பெண்மணி பின்னர் சொன்னார்.

தவக்காலம் முடிந்தும் வாசிப்பு நிற்கவில்லை. திருவருகைக்காலத்தில் 1995ஆம் ஆண்டுக் கடிதத்தை முழுமையாக எடுத்துக்கொள்ள இருக்கிறோம். இவ்வளவு காலமும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே நின்று புகைபிடித்துக்கொண்டிருந்த கணவர்மாரில் இருவர், உள்ளே வந்து பின்வரிசையில் இருக்கலாமா என்று கேட்டிருக்கின்றனர். வரலாம் என்று ரீச்சர் அறிவித்துவிட்டார். றோல்சு சுற்றிப் பொரிப்பது அன்றையதினம் அவர்கள் பொறுப்பு.